பானையின் அடியில் பெயர் இல்லை

மெக்சிகோ என்றதும் என்ன நினைவுக்கு வரும்? பெரிய தொப்பி, கள்ளிச்செடி, கால்பந்து, மிளகாய்... பலருக்கு அதோடு பட்டியல் முடிந்துவிடும். ஆனால் உலகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு மெக்சிகோ என்றால் பானைதான்! கையால் வரைந்த பழைய மண்பானை, தட்டு, ஜாடி, கூஜா என்று பழைய சாமான் கடைகளிலும் ஏலங்களிலும் தேடித் தேடி வாங்குவார்கள். முதலில் ஒரு அலமாரி நிறையும். அப்புறம் ஒரு அறை நிறையும். சிலர் சேர்த்தது ஒரு அருங்காட்சியகத்தையே நிறைத்திருக்கிறது.

தபால்தலை சேர்ப்பது, நாணயம் சேர்ப்பது மாதிரிதானே இதுவும் என்று தோன்றலாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது. நாணயத்தில் நாட்டின் பெயர், மதிப்பு, ஆண்டு எல்லாம் அச்சாகியிருக்கும். மெக்சிகோவின் பழைய பானையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் மண்தான் தெரியும். யார் செய்தது, எந்த வருடம், எந்த ஊர் என்று ஒன்றும் இருக்காது. அந்த வெறும் இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன அறிமுகம்

ஸ்பானியர்கள் வருவதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே மெக்சிகோவில் அருமையான மண்பாண்டங்கள் இருந்தன. ஆனால் குயவர் சக்கரம் கிடையாது. கையாலேயே வனைந்து, வண்ண மண் குழம்பால் வரைந்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார்கள். 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் சக்கரத்தையும், கண்ணாடி போலப் பளபளக்கும் 'கிளேஸ்' பூச்சையும் கொண்டுவந்தார்கள். பழையதும் புதியதும் கலந்தன. ஒன்று மற்றொன்றை முழுசாக அழித்துவிடவில்லை. அதனால்தான் இன்றும் ஊருக்கு ஊர் பானை வேறுபடுகிறது.

1531-ல் உருவான புவெப்லா நகரம் 'தலவேரா' பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. ஸ்பெயினில் உள்ள தலவேரா என்ற ஊரின் பெயர்தான் இதற்கு வந்தது. பால் போன்ற வெள்ளைப் பூச்சின் மேல் நீல வண்ணத்தில் பூவும் பறவையும் வரைவார்கள். இதில் சீன வாடை அடிப்பதற்கும் காரணம் உண்டு. 1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து அகபுல்கோ துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் சீனப் பீங்கானும் வந்தது. புவெப்லாக் குயவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் கைவண்ணத்தைச் சேர்த்தார்கள்.

மேற்கே ஹலிஸ்கோ மாநிலத்தில் டோனலா என்ற ஊர். இங்கே கிளேஸ் பூசாமல் கல்லால் தேய்த்து மினுக்கும் பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. மங்கிய சாம்பல், ரோஜா, பழுப்பு நிறங்களில் பூனை, முயல், விசித்திரப் பறவைகள் என்று வரைவார்கள். இதே பகுதியில் 'பெதாதியோ' என்று ஒரு வகையும் உண்டு. பெதாத்தே என்றால் பாய். படங்களுக்கு நடுவே உள்ள காலி இடம் முழுவதையும் கோரைப்பாய் பின்னல் போல மெல்லிய குறுக்குக் கோடுகளால் நிரப்பிவிடுவார்கள். ஒரு பெரிய ஜாடியில் எத்தனை கோடு இருக்கும் என்று எண்ணப் போனால் கண் வலிக்கும். அத்தனையும் தூரிகையால் கையில் போட்டவை!

பெயர் போடச் சொன்ன சட்டம்

பானையில் பெயர் போடும் வழக்கமே அங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1653-ல் புவெப்லாக் குயவர் சங்கம் விதிமுறைகளை வகுத்தது. பாண்டங்களைத் தர வாரியாகப் பிரிக்க வேண்டும், கைதேர்ந்த ஆசான்கள் தங்கள் அடையாளக் குறியை இட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. போலிச் சரக்கைத் தடுப்பதுதான் நோக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே விதிமுறைகளில் இன்னொன்றும் இருந்தது. கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் ஆசான் தேர்வு எழுதவே கூடாது! பட்டறையில் மண் மிதிக்கலாம், வண்ணம் அரைக்கலாம், சூளைக்கு விறகு சுமக்கலாம். பெயர் மட்டும் போட முடியாது. ஆக, பழைய தலவேராத் தட்டின் அடியில் ஒரு குறி இருந்தால் அது அந்தப் பட்டறை ஆசானின் குறி. அந்தத் தட்டைத் தொட்ட எல்லாக் கைகளின் குறியும் அல்ல.

சேகரித்தவர்களுக்குப் பெயர் உண்டு

சேகரிக்கும் ஆசை ஒன்றும் புதிது இல்லை. 17-ம் நூற்றாண்டிலேயே டோனலா வட்டாரத்து மண் கூஜாக்கள் கப்பல் ஏறி ஸ்பெயினுக்குப் போயின. அந்த மண்ணில் ஊற்றிய தண்ணீர் குளிர்ந்து, ஒரு மணமும் ஏறும். (மண்பானைத் தண்ணீர் குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) ஸ்பெயின் நாட்டுச் சீமாட்டிகள் அந்த மணத்தில் மயங்கித் தண்ணீரைக் குடித்ததோடு நிற்கவில்லை, கூஜாவையே உடைத்துக் கொறித்தார்கள்! 1656-ல் வெலாஸ்கெஸ் வரைந்த புகழ்பெற்ற 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் ஒரு தோழி இளவரசியிடம் சின்னச் சிவப்பு மண் கூஜா ஒன்றை நீட்டுவாள். அது மெக்சிகோவிலிருந்து போனதாக இருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் ஓன்யாத்தே சீமாட்டி சேர்த்த கூஜாக்களை இன்றும் மாட்ரிட் நகரில் உள்ள அமெரிக்க அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சீமாட்டியின் பெயர் நிலைத்துவிட்டது. கூஜா செய்தவர்களில் ஒருவர் பெயர்கூட நிலைக்கவில்லை.

20-ம் நூற்றாண்டில் காற்று கொஞ்சம் மாறியது. புரட்சி முடிந்த மெக்சிகோ தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரம். 1921-ல், சுதந்திரத்தின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, தலைநகரில் நாட்டுப்புறக் கலைக் கண்காட்சி நடந்தது. ஓவியர்கள் ரொபெர்த்தோ மொந்தெநெக்ரோவும் ஹோர்ஹே என்சிசோவும் முன்னின்று நடத்தினார்கள். 'டாக்டர் அட்ல்' என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் அதற்காக ஒரு பெரிய நூலே எழுதினார். அதுவரை சமையலறைச் சாமானாக இருந்த பானை, அன்றிலிருந்து நாட்டின் பெருமை ஆனது.

1926-ல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் டோனலாவில் ஒரு படம் எடுத்தார். ஒரு கை, அதில் ஒரு பானை. அமாடோ கல்வான் என்ற குயவரின் கை அது. அந்த வகையில் அவர் கொடுத்துவைத்தவர், படத்தின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது. ஆனால் படத்தில் முகம் இல்லை!

1930-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் மெக்சிகோ கலைக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவில் பானை மோகம் பற்றிக்கொண்டது. 1933-ல் முதல்முறை மெக்சிகோ போன நெல்சன் ராக்பெல்லர், பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியானவர், 1979-ல் இறக்கும் வரை இந்த ஆசையை விடவில்லை. அவர் சேர்த்த ஏறக்குறைய 3,000 நாட்டுப்புறக் கலைப்பொருட்கள் பிற்பாடு சான் அன்டோனியோ, சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குப் போயின.

மெக்சிகோவின் ஓவியத் தம்பதி ஃபிரீடா காலோவும் டியகோ ரிவேராவும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் அல்ல. கொயொகான் பகுதியில் உள்ள அவர்களுடைய 'நீல வீடு' 1958 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் சமையலறைச் சுவரில் குட்டிக் குட்டி மண் கலயங்களைப் பதித்து இரண்டு பெயர்களை எழுதியிருக்கிறார்கள். எந்தப் பெயர்கள்? ஃபிரீடா, டியகோ. அழகான காட்சிதான். ஆனால் கலயங்களை வைத்து எழுதிய பெயரும் வீட்டுக்காரர்களுடையதுதான், குயவர்களுடையது அல்ல.

'மேட் இன் மெக்சிகோ' சொல்வதும் சொல்லாததும்

பழைய பானை வாங்குபவர்கள் முதலில் தேடுவது அடியில் உள்ள முத்திரை. இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டுச் சரக்கு என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என 1890-ல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் போட்டது. அதனால் 'மேட் இன் மெக்சிகோ' என்ற முத்திரை இருந்தால், அது பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த சரக்கு. முத்திரை இல்லையென்றால் உள்ளூர்ச் சரக்காக இருக்கலாம், ஒட்டிய காகிதச் சீட்டு உதிர்ந்துபோயும் இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாட்டின் பெயர் இல்லாவிட்டால் சுங்கச்சாவடியில் சிக்கல். செய்தவர் பெயர் இல்லாவிட்டால் யாருக்கும் சிக்கல் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்காகக் குவித்த தட்டுகளில், கள்ளிச்செடியடியில் தொப்பியால் முகத்தை மூடித் தூங்கும் மனிதன் ஒருவன் அடிக்கடி வருவான். வாங்குபவர்கள் கேட்டார்கள், குயவர்கள் வரைந்தார்கள். நாள் முழுக்க உழைத்த ஒரு கை, தன் நாட்டுக்காரனைச் சோம்பேறியாக வரைந்து சம்பாதிக்க வேண்டியிருந்தது.

முத்திரையை விட்டால் வேறு சில தடயங்கள் உண்டு. தலவேராத் தட்டில் மூன்று சின்னப் புள்ளி வடுக்கள் தெரியலாம். சூளையில் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும்போது ஒட்டாமல் இருக்க நடுவே மூன்று கால் முக்காலி வைப்பார்கள், அதன் தழும்பு அது. நீல வண்ணம் விரலுக்குக் கொஞ்சம் மேடாகத் தட்டுப்படும். வெள்ளைப் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். பல காலம் புழங்கிய பானையின் அடிவிளிம்பு தேய்ந்திருக்கும். இதெல்லாம் வயதைச் சொல்லும், ஊரைச் சொல்லும். ஆளைச் சொல்லாது.

கையெழுத்து இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா? அதுவும் இல்லை. டோனலாப் பானை பலமுறை ஒரு குடும்பமே சேர்ந்து செய்வது. ஒருவர் வனைவார், இன்னொருவர் கல்லால் தேய்ப்பார், மூன்றாமவர் வரைவார். அடியில் ஒரே ஒரு பெயர் வரும். மனைவி, பிள்ளைகளின் கை அந்தப் பெயருக்குள் மறைந்துவிடும்.

பளபளப்பின் விலை

கிளேஸ் பூசிய பழைய பானைகளின் அந்தத் தேன் நிறப் பளபளப்புக்குக் காரணம் 'கிரெத்தா' என்ற பொருள். அதாவது காரீய ஆக்சைடு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு நினைவுக்கு வரலாம். அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம், நஞ்சு. காரீயம் கலந்த கிளேஸ் குறைந்த சூட்டிலேயே உருகிப் பளபளக்கும். விறகுச் சூளை மட்டும் வைத்திருக்கும் ஏழைக் குயவருக்கு அதுதான் கட்டுப்படியானது. ஆனால் சூடு போதாததால் காரீயம் முழுசாகக் கண்ணாடியோடு கட்டுப்படாது. எலுமிச்சை, தக்காளி, புளி என்று புளிப்பான எது பட்டாலும் கசிந்துவிடும்.

மெக்சிகோவிலும் புளி ரொம்பப் பிரபலம். 1999-2000 காலத்தில் கலிபோர்னியாவில் சில குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் ஏறியிருந்ததை ஆராய்ந்தபோது, மெக்சிகோவிலிருந்து வந்த புளி மிட்டாய் ஒரு காரணமாகச் சிக்கியது. சில மிட்டாய்கள் குட்டி மண் ஜாடிகளில் அடைத்தே விற்கப்பட்டன. மெக்சிகோவிலேயே 2018-ல் சிறிய ஊர்களில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இரத்தத்தில் காரீயம் எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தது. இந்தப் பாண்டங்களில் சமைப்பதும் சாப்பிடுவதும் அதற்கு முக்கியக் காரணம்.

பானை சேகரிப்பவருக்கு இதில் பாடம் எளிது. பழைய கிளேஸ் பாண்டத்தை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், அதில் சாப்பிடக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் செய்தவருக்கு அது அவ்வளவு எளிதா? அந்தப் பொடியைக் கரைத்த கை, பூசிய கை, சூளைப் புகையைச் சுவாசித்த மூச்சு, அதே முற்றத்தில் விளையாடிய குழந்தை... இவர்கள் பெயரும் பானையின் அடியில் இல்லை. காரீயம் இல்லாத கிளேஸ் இன்று கிடைக்கிறது. அதற்கு மாறிய குயவர்களும் இருக்கிறார்கள். பழைய பளபளப்பு வேண்டும், மலிவாகவும் வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கும்வரை மற்றவர்கள் மாறுவது கடினம்.

ஒரு கேள்வி என்ன செய்யும்?

இனி ஒரு நல்ல கதை. 1976-ல் ஸ்பென்சர் மக்கல்லம் என்ற அமெரிக்கர், நியூ மெக்சிகோ மாநிலத்தில் டெமிங் என்ற சிற்றூரில் ஒரு பழைய சாமான் கடைக்குள் நுழைந்தார். அங்கே மூன்று வண்ணப் பானைகள் இருந்தன. பெயரும் இல்லை, ஊரும் இல்லை. வாங்கிக்கொண்டு வந்தவருக்கு மனம் அடங்கவில்லை. யார் செய்தது இது? பானைகளின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி மெக்சிகோவுக்குள் போனார். ஊர் ஊராகக் காட்டி விசாரித்தார். கடைசியில் சிவாவா மாநிலத்தில் மாத்தா ஓர்த்தீஸ் என்ற சின்னக் கிராமத்தில் ஹுவான் கேசாடா என்பவர் வீட்டில் போய் நின்றார்.

கேசாடாவுக்கு யாரும் பானை செய்யக் கற்றுக்கொடுக்கவில்லை. சிறு வயதில் விறகு பொறுக்க மலைக்குப் போனபோது பழைய பானை ஓடுகள் கண்ணில் பட்டன. பக்கத்தில் இருந்த பாக்கிமே என்ற நகரம் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அந்த மக்களின் ஓடுகள் அவை. அவற்றைப் பார்த்தே மண்ணில் மணல் கலக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். உள்ளூர்க் கற்களை அரைத்து வண்ணம் செய்தார். தலைமுடியில் தூரிகை கட்டினார். மாட்டுச் சாணத்தை எரித்துச் சுட்டார். சக்கரம் கிடையாது. வருடக்கணக்காகத் தோற்றுத் தோற்று ஜெயித்தார். அந்தக் காலத்தில் இப்படிப் பெயரில்லாமல் வெளியே போன பானைகளைச் சில வியாபாரிகள் அழுக்காக்கி, புராதனப் பானை என்று விற்றதும் உண்டு. பெயர் இல்லாதது அவர்களுக்கு வசதியாகத்தானே இருக்கும்!

மக்கல்லம் வந்தபின் நிலைமை மாறியது. வேறு வேலையை விட்டுவிட்டுப் பானையில் மட்டும் கவனம் செலுத்த அவர் பண உதவி செய்தார், கண்காட்சிகளுக்கு வழி செய்தார். பானைகளில் பெயர் எழுதும் வழக்கம் வந்தது. கேசாடா தன் சகோதர சகோதரிகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கற்றுக்கொடுத்தார். பிழைப்பு இல்லாமல் இருந்த கிராமத்தில் நூற்றுக்கணக்கானோர் குயவர்கள் ஆனார்கள். 1999-ல் மெக்சிகோவின் தேசிய விருது கேசாடாவைத் தேடி வந்தது. 2022-ல் அவர் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் அவர் பெயரை எழுதின.

மக்கல்லம் செய்ததும் பானை வாங்கியதுதான். ஆனால் 'இது எவ்வளவு பழசு?', 'எவ்வளவு பெறும்?' என்று கேட்டு நிறுத்தியிருந்தால் மூன்று பானைகள் ஒரு அலமாரியில் இருந்திருக்கும், அவ்வளவே. 'யார் செய்தது?' என்று கேட்டதால் ஒரு கிராமம் பிழைத்தது.

சேகரிக்க நினைப்பவர்களுக்கு

எல்லாப் பானைக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. நூறு வருடத்துக்கு முந்தைய கூஜாவை வரைந்தவரை இனித் தேடிக் கண்டுபிடிப்பது நடவாத காரியம். ஆனால் செய்யக்கூடியவை சில உண்டு.

வாங்கும் ஒவ்வொரு பானைக்கும் ஒரு சீட்டு எழுதி வைக்கலாம். எங்கே வாங்கியது, விற்றவர் என்ன சொன்னார், எந்த ஊர் பாணி, எந்த ஆண்டு வாங்கியது என்று. வாங்கியவர் இறந்தபின் பானை கைமாறும், வாய்மொழியாகத் தெரிந்தவை அதோடு அழியும். சீட்டு இருந்தால் அழியாது. தேய்ந்த முத்திரையையும் பழைய அழுக்கையும் சுரண்டிப் 'புதுசாக்க'க் கூடாது, அதில்தான் தகவல் இருக்கிறது. ஸ்பானியர் வருகைக்கு முந்தைய பொருள் என்று யாராவது காட்டினால் தொடாமல் விலகுவது நல்லது. 1972-ம் ஆண்டுச் சட்டப்படி அவை மெக்சிகோ நாட்டின் சொத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய பானை நான்கு வாங்கினால் இன்று உயிரோடு இருக்கும் குயவரிடமிருந்து ஒன்றாவது வாங்கலாம். வரைந்தவர் யார், தேய்த்தவர் யார் என்று கேட்டு, எல்லாப் பெயரையும் அடியில் எழுதித் தரச் சொல்லலாம். காரீயம் இல்லாத கிளேஸ் கேட்டு, அதற்கு ஆகும் கூடுதல் காசைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

இன்னும் நூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்தப் பானையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். அப்போது அந்த இடம் வெறுமையாக இருக்காது.